மேல்காற்று கொண்டுவந்த ஆலா

இன்று மத்தியானம் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி மழைக்கோட்டை எடுத்தேன். உள்ளேயிருந்து லேசாக மீன் கவிச்சி அடித்தது. போன வருஷம் அந்த ஆலாப் பறவை கக்கிவைத்த இடம். சோப்பு போட்டு, எலுமிச்சை தேய்த்து எல்லாம் பார்த்துவிட்டேன், முழுசாகப் போகவில்லை. மேல்காற்று வேறு காலையிலிருந்து தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் போனதும் சுகாதார நிலையத்தின் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உன் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ், "இன்னாக்கா, யாருனா வரணுமா?" என்று கேட்டாள். நான் மறுபடி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் பாகூரைச் சுற்றிய ஊர்களுக்கெல்லாம் போனோம். நான் ஓட்டுவேன், நீ ஊசிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவாய். திடீரென்று என் தோளில் ஒரு தட்டு விழும். "நிறுத்துடி." நடு வெயிலில் ஏரிக்கரையில் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாய். எனக்கு அப்போது கொக்கும் நாரையும் ஒன்றுதான். சித்திரையில் வடக்கே திரும்பிப் போகிற ஆறுமணிக்குருவி ஒன்று நம் நிலையத்தின் பின்பக்கம் சருகைக் கிளறியபோது, சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டாய். கூட்டமெல்லாம் கிளம்பிப் போன பிறகும் ஒரே ஒரு பூநாரை ஏரியில் தங்கியிருந்ததே, அதற்காக வைகாசி முழுக்க என்னைச் சுற்று வழியில் ஓட்டவைத்தாய்.

"வெயில் காலத்துல பாக்க ஒண்ணும் இல்லன்றாங்க. வழி தவறினது வரும்டி. எனக்கு அதான் வேணும்" என்பாய்.

மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகும் நீ அப்படித்தான் இருந்தாய். மருந்து ஏற்றிய நாள்களில் வீட்டில் சுருண்டு கிடப்பாய். எழுந்து நடக்க முடிந்ததும் தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாய். உன் மகன் கத்துவான். "வூட்ல சும்மா குந்தினுகீறதுக்கு வேலயாவது பண்றேன்" என்று என் வண்டியில் ஏறுவாய்.

போன ஆனியில், ஆலா கிடைத்த அன்று மதியம் உனக்கு மருந்து ஏற்றுவதாக இருந்தது. கிருமாம்பாக்கத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் பேச்சு. முந்தின ராத்திரி காற்று கூரைகளைப் பிய்த்துப் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் நம்மைக் கூப்பிட்டார்.

"நர்ஸம்மா, கொல்லைல இன்னாவோ வியுந்து கெடக்குது. வாத்தும் இல்ல, காக்காவும் இல்ல. எங்க வூட்டுக்காரரு கொழம்பு வெக்கச் சொல்றாரு."

அவர் கவிழ்த்து மூடியிருந்த கூடையைத் தூக்கிப் பார்த்த நீ மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாய். மேலே கறுப்பு, கீழே வெள்ளை, நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, பிளந்த வால். "ஆலாடி. நடுக்கடல் ஆலா. முட்டை போட மட்டும்தான் இது தரைக்கு வரும். மேல்காத்து மேக்குக் கடல்லேர்ந்து தூக்கினு வந்துருக்கு" என்றாய். பிறகு அந்த அம்மாளிடம் நர்ஸ் குரலில், "இத தின்னா வயிறு கெட்டுப் பூடும். அப்புறம் எங்கிட்டதான் மாத்திரைக்கு வரணும்" என்றாய். அவர் பயந்துபோய் ஒரு அட்டைப்பெட்டியும் கொடுத்தார். பெட்டி காற்றில் பறக்குமென்று சீட்டுக்கடியில் வைத்து, சீட்டை மூடாமல் தள்ளிக்கொண்டு ரோடு வரை வந்தோம். அதற்குள் அது கக்கிவிட்டது. அங்கிருந்து பெட்டி உன் மடிக்குப் போனது.

மூர்த்திக்குப்பம் கடற்கரையில் மணலில் இறக்கிவிட்டோம். அது பறக்கவில்லை. சிறகை ஒருமுறை இழுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. காக்கைகள் வந்தன. நீ கைத்துண்டை வீசி விரட்டினாய். எனக்கு ஆஸ்பத்திரி நேரம்தான் மனதில் ஓடியது.

"கெளம்புடி, நேரமாவுது."

"நான் போனா காக்கா கிழிச்சிடும்."

"உன் ஒடம்பு?"

நீ அதைத் தூக்கித் திரும்பப் பெட்டியில் வைத்தாய். வலையை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு படகுக்காரரிடம் நேராகப் போய், இதைக் கடலுக்குள் கொண்டுபோய் விட வேண்டும், நானும் வருவேன் என்றாய். அவர் உன் தலைத்துணியைப் பார்த்தார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?" என்றார். "ஆச்சின்னா எனக்குத்தானே ஆவும். உன் போட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்று பெட்டியோடு ஏறிவிட்டாய். எனக்குக் கடல் என்றால் பயம். உன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். படகு அலையில் எகிறும்போதெல்லாம் மாதாவைக் கூப்பிட்டேன். போன் அடித்தது. உன் மகன்.

"அம்மா எங்க?"

"கடல்ல இருக்காடா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் திட்டினார். ஒரு நாள் தள்ளியதால் எதுவும் மாறாது என்று அவரேதான் சொன்னார். தை மாசம் நீ போனாய். ஏரி நிறைய வாத்துகள் இருந்த நேரம். உன் மகன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். டாக்டர் சொன்னதை அவன் ஏற்கவில்லை.

போன வாரம் கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் அவனே பக்கத்தில் வந்து நின்றான். "ஆன்ட்டி, அன்னிக்கி போட்டுல போயிட்டு வந்து அம்மா இன்னா சொல்லிச்சி?" என்று கேட்டான்.

நான் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். "கையில தூக்கிப் புடிச்சேன், காத்து வந்ததும் றெக்கைய விரிச்சிது, நான் விடவே இல்லடி, அதுவா ஏறிடுச்சி" என்று நீ சிரித்ததை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது போவப் போவ நானும் அப்டியே போயிடலாம்போல இருந்துச்சி. பையன் ஆஸ்பத்திரில காத்துக்கினு இருப்பானேன்னு போட்டத் திருப்பச் சொன்னேன்" என்றதை.

கடலூர் பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. "அம்மா அப்டியா சொல்லிச்சி?" என்று மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். பஸ் போய்விட்டது.

காற்று இன்னும் அடங்கவில்லை. இனி ஒவ்வொரு ஆனியிலும் நான் இப்படித்தான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன்போல. நீ படுக்கையில் கிடந்தது எனக்கு அவ்வளவாக நினைவில் வருவதில்லை. முழங்கால் வரை அலை மோத, நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்கையோடு கரையைப் பார்த்து நீ நடந்து வந்தாயே, அதுதான் வருகிறது.