அக்காவின் கருநீல ரவிக்கை

அக்கா,

பனி இறங்கிவிட்டதே என்று இன்று காலையில் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டினேன். கழுத்தில் சுருக்கென்றது. உள்பக்கம் தடவிப் பார்த்தால் ஊசி. விரல் நீளத்துக்குக் கருநீல நூல் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பூண்டுக் காட்டுக்கு நேரமாகிறது என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் பூம்பாறையிலிருந்து பஸ்ஸேறி, கொடைக்கானலில் உன் தையல் கடைக்கு வந்துவிடுவேன். வந்த கையோடு என்னை ஸ்டூலில் ஏற்றிவிடுவாய். பள்ளிக்கூடக் கவுனோ, கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டோ, எதுவானாலும் முதலில் என் மேல் போட்டுப் பார்த்தால்தான் உனக்குத் திருப்தி. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவாய். ஒவ்வொன்றுக்கும் "குத்திருச்சா?" என்று கேட்பாய். சில நேரம் ஊசியை எடுப்பதற்கு முன்பே நான் வேண்டுமென்றே அலறுவேன். "இன்னும் ஊசியவே எடுக்கல, அதுக்குள்ள என்னடி கத்து?" என்று முதுகில் ஒன்று வைப்பாய்.

உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு தோள் இறங்கிய டீச்சர் ஒருவர் உன்னிடம் வருவார். எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். நீ அந்தத் தோளுக்குள் மட்டும் மடித்த பிளானல் துணி வைத்துத் தைத்தாய். அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை. கண்ணாடி முன்னால் அவர் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். நீ தலையைக் குனிந்துகொண்டு மிஷினை ஓட்டினாய்.

எனக்கு உன் வேலை வரவே இல்லை. ஒரு ஓரம் அடிக்கக் கொடுத்தாலும், "இது தையலா, இல்ல கோழி கிளறுன குப்பையா?" என்று பிரித்துப் போடுவாய்.

அம்மா செத்த அன்றுதான் இந்த ரவிக்கைக் கதை ஆரம்பித்தது. அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்கள், விறைத்த கையில் ரவிக்கை ஏறவில்லை என்று முதுகுப் பக்கம் கத்திரிக்கோலை விட்டு இரண்டாகக் கிழித்தார்கள். கிழித்ததை இரண்டு பக்கமும் செருகி, கோடிச் சேலையால் மூடினார்கள். எல்லா ஊரிலும் செய்வதுதான். ஆனால் அது அந்தப் பொங்கலுக்கு நீ தைத்துக் கொடுத்த ரவிக்கை. "பின்னால யாரு பாக்கப் போறா?" என்றாள் பெரியம்மா. எல்லாம் முடிந்து அடுப்படியில் நாம் இரண்டு பேரும் தனியாக இருந்தபோதுதான் வாயைத் திறந்தாய்.

"நான் பாத்தேன்ல. எங் கடையிலருந்து அளவு சரியில்லாம எவளயும் நான் வெளிய அனுப்புனதில்ல. என்னய அப்பிடி அனுப்பிராதடி."

சரி என்று உன் கையைப் பிடித்தேன். அத்தோடு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ உனக்கென்று கருநீலத்தில் ஒரு ரவிக்கை தைத்து வைத்தாய். முதுகு முழுக்கத் திறந்து, கட்டிக்கொள்ள நாடா வைத்து, முன்னாலிருந்து கையை நுழைத்துவிடலாம். கத்திரிக்கோலுக்கு வேலையே இல்லை. உயிரோடு இருக்கும்போதே இதென்ன சோலி என்று உன்னைத் திட்டினேன். நீ சிரித்துக்கொண்டே அதைப் பெட்டியில் வைத்தாய்.

பிறகு வயிற்றில் நோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். சோறு இறங்கவில்லை. நீ கரைந்துகொண்டே போனாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்த ரவிக்கையை எடுத்து, பிரித்து, உள்ளே பிடித்துத் தைத்தாய். "அளவு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுடி" என்று ஒருநாள் சொன்னாய். நான் வெளியே போய் அழுதேன். கடைசியில் உன் கைக்கு ஊசியைப் பிடிக்கும் தெம்பும் இல்லாமல் போனது. ரவிக்கையை என் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

உன்னைக் குளிப்பாட்டிய அன்று மழை பிடித்துக்கொண்டது. பாடை கட்டி முடித்து ஆண்கள் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். நீ நினைத்தபடியே ரவிக்கை சுலபமாக ஏறியது. ஆனால் தோள் நிற்கவில்லை. முழங்கை வரைக்கும் நழுவி விழுந்தது. நாடாவை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கைப்பகுதி தொளதொளவென்று கிடந்தது. அந்த ரவிக்கைக்குள் நீ இல்லாதது போலவே இருந்தது.

"சேலைய இழுத்து மூடுங்கடி. மழ வேற, வெரசா ஆகட்டும். யாரு பாக்கப் போறா?" என்றாள் பெரியம்மா.

"நான் பாப்பேன்" என்றேன். "நான் தச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் தூக்கக் கூடாது." உன் ஊசி டப்பாவை எடுத்து வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். நூல் கோக்கவே வெகுநேரம் பிடித்தது. பூண்டு உரித்துக் காய்த்துப்போன விரல்கள் இவை. உன் தோள் எலும்புக்கு மேலே துணியை மடித்துப் பிடித்தேன். ஊசியை உள்ளே விட்டதும் என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"குத்திருச்சாக்கா?"

நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா எதிரே வந்து உட்கார்ந்து, நான் தைப்பதற்குத் தோதாக உன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசலிலிருந்து கூப்பிட்டவர்களை, "இருங்கப்பா" என்று அவளே அடக்கினாள். நான் இரண்டு தோளையும் பிடித்துத் தைத்தேன். ஒவ்வொரு குத்துக்கும் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கோணல் தையல்தான். நீ பார்த்திருந்தால் பிரித்துப் போட்டிருப்பாய். ஆனால் தோள் நின்றது அக்கா. அளவு சரியாக இருந்தது. முடித்ததும் உன்னைத் தூக்க வந்துவிட்டார்கள். ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல், போட்டிருந்த ஸ்வெட்டர் கழுத்தில் குத்தினேன் போலிருக்கிறது.

இன்று அதை எடுத்து உன் டப்பாவில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போய் டப்பாவைத் திறந்தும்விட்டேன். பிறகு மூடிவிட்டு, ஊசியை எடுத்த இடத்திலேயே திரும்பக் குத்திக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினேன். குத்தினால் குத்தட்டும்.