கைக்குள் இருந்த சாவி

ஆம்ஸ்டர்டாம்

அன்புள்ள அத்தாவுக்கு மகன் அனீஸ் எழுதுவது. ஸலாம். முட்டிவலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நல்ல சுகம்.

ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். இங்கே சாயங்காலமானால் ரோடு முழுக்கச் சைக்கிள்தான். நேற்று வேலை முடிந்து நடந்து வரும்போது எதிரே ஒரு சைக்கிள் விளக்கு விட்டு விட்டு மின்னியது. கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன். வலிப்பாம். மின்னும் வெளிச்சம் சிலருக்கு ஆகாதாம். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். தங்கச்சி ஷைமாவுக்கு இருந்தது, அதிலேயே போய்விட்டாள் என்றேன்.

கோரிப்பாளையம் தர்கா சந்தனக்கூடு விழாவில் சீரியல் லைட்டைப் பார்த்துக்கொண்டே அவள் விழுந்தாளே. "சாவிய விட்றாதம்மா, இறுக்கிப் பிடி" என்று கடைச்சாவியை அவள் கையில் திணித்தீர்கள். ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். வெளிச்சம்தான் அத்தா.

என் மகள் ரிஃப்காவுக்கு நான் அனுப்பிய சைக்கிள் விளக்கும் மின்னுகிறதுதான். உடனே கழற்றிவிடுங்கள். ஷைமா ஜாடை அம்புட்டும் அவளிடம் இருக்கிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் இட்லிப்பொடி கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. விழித்தபோது என் கைக்குள் அறைச்சாவி இருந்தது. அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடியிருந்தேன். தூக்கிவிட்டவர்கள் பையைத் தொடவே இல்லை என்கிறார்கள். வலிப்புக்கு இரும்பு கொடுக்கும் வழக்கமும் இங்கே யாருக்கும் தெரியாது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஷைமாவுக்காக ஒரு யாசீன் ஓதுங்கள். சாவியை நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன்.

உங்கள் அனீஸ்