இறக்கைக்குப் பொருத்திய பஸ் விளக்கு

நேற்று மாலை மழை விட்டதும் ஈசல் வந்தது. அரிக்கேன் விளக்கின் சூடான கண்ணாடியில் இறக்கை கருகும் வாசனை வீடெங்கும் பரவியபோது, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்து வைத்தேன். உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. போய்ச் சேர்ந்தவனுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. ஓய்வு பெற்ற வாத்தியாருக்குப் பொழுது போக வேண்டாமா?

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துக்கு வேண்டாத சாமான்களை விற்றுத் தீர்த்த சமயம் அது. ஊர்ப் பெரியவர்கள் லாரி வாங்கினார்கள், கூடாரம் வாங்கினார்கள். பெரம்பலூர் பருத்தி மண்டி முதலாளி ஒரு சின்ன விமானம் வாங்கினார். இரண்டு பேர்தான் உட்காரலாம். சண்டைக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுத் திரும்பியிருந்த உங்கள் ஒரே மகன் அருளப்பன் அதை ஓட்டினான். குன்னத்துக்கு வெளியே சரளை மேட்டில் கல் பொறுக்கி, முள் வெட்டி, இறங்க இடம் செய்தார்கள். காலையில் மதராஸ், மாலையில் திரும்ப குன்னம்.

நீங்கள் அரியலூர் பஸ் ஷெட்டில் விளக்கும் பாட்டரியும் பார்த்துக்கொண்டிருந்தவர். விமானத்தை முதலில் பார்க்கப் போன அன்று ஊரே இறக்கையையும் முன்விசிறியையும் தொட்டுப் பார்த்தது. நீங்கள் இறக்கைக்கு அடியில் குனிந்து விளக்கைப் பார்த்தீர்கள்.

"என்ன வாத்தியாரே இது, மின்மினியப் புடிச்சு ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு? எங்க வூட்டு மாட்டுக் கொட்டாய்க்கே இது பத்தாது."

"அதனாலதாம்ப்பா இருட்டினா நான் வரதில்ல" என்றான் அருளப்பன். "நேரமாயிட்டா மதராஸ்லயே படுத்துட்டு காலைல வந்துடறேன்."

"மொதலாளி என்னா சொல்றாரு?"

"திட்டறாரு."

நீங்கள் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஒரே பேச்சு. என்றைக்காவது ஒரு நாள் வரும் வழியிலேயே இருட்டிவிட்டால், இந்த மின்மினியை நம்பி அவன் எப்படித் தரையைக் கண்டுபிடிப்பான்? அந்தப் பயம்தான் உங்களைப் பிடித்துக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

ஷெட்டில் கழித்துப் போட்ட ஒரு பஸ்ஸின் முன்விளக்கைக் கேட்டு வாங்கினீர்கள். வெளிச்சத்தை மறைக்கச் சொன்ன சண்டைக் காலத்து உத்தரவுக்காக அதன் மேல்பாதியில் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினீர்கள். உள்ளே இருந்த தகட்டுக் கிண்ணத்தைப் பழைய வேட்டித் துணியால் முகம் தெரியும் வரை துடைத்தீர்கள். உங்களுக்கு நான்தான் கையாள். திருப்புளி கேட்டால் சுத்தியலைக் கொடுக்கும் கையாள்.

இறக்கைக்கு அடியில் விளக்கைப் பொருத்திவிட்டு, பஸ்ஸுக்கு வைப்பதைப் போலவே வெளிச்சம் நேரே போகும்படி திருகாணியை முடுக்கினீர்கள். அருளப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"அப்பா, இது பஸ் இல்ல. நிக்கறப்பதான் வாலு தரையில கெடக்கும். இறங்கி வரப்ப தூக்கிக்கிட்டு இருக்கும். இப்ப வெச்ச மாதிரி வெச்சா என் காலுக்குக் கீழதான் வெளிச்சம் அடிக்கும்."

உங்களுக்குப் பிடிபடவில்லை. நான் சொன்னேன்: "சாய்வு நாற்காலியில சாஞ்சுகிட்டு எதிர்ச் சுவரப் பாக்கறவன், கழுத்த அசைக்காம அப்படியே எழுந்து நின்னா எதப் பாப்பான்? தன் காலத்தான் பாப்பான்."

"வாத்தியாருக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு உதாரணம் தயாரா இருக்கும்டா" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு ஒரு கட்டை வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, மாட்டை அவிழ்த்துவிட்டு, விமானத்தின் வாலைத் தூக்கி வண்டியின் மேல் வைத்தோம். அந்தக் கோலத்தில் அது குனிந்து தண்ணீர் குடிக்கும் கொக்கு மாதிரி இருந்தது. பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டீர்கள். மேட்டின் கோடியில் இருந்த கருவேல மரங்கள் முள் முள்ளாகத் தெரிந்தன. மத்தியானம் தூறல் போட்டிருந்ததால், எங்கிருந்தோ ஈசல் கிளம்பி வந்து மொய்த்தது.

"எனக்கு முன்னாடி இதுங்க எறங்கிடுச்சு" என்றான் அருளப்பன்.

அவன் அந்த விளக்கோடு இருட்டில் முதல்முறை இறங்கியபோது நீங்கள் மேட்டில் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். "பட்டப்பகல் மாதிரி இருக்குப்பா" என்றான் அவன். முதலாளிக்கும் சந்தோஷம். அதுவரை இருட்டுவதற்கு முன் கிளம்பியவன், அதன்பின் இருட்டும் நேரத்தில் கிளம்பினான். அப்புறம் இருட்டிய பிறகும். மதராஸில் படுத்துவிட்டு வருகிற வழக்கமே போய்விட்டது. அதுதான் நல்ல விளக்கு இருக்கிறதே.

ஐப்பசி மழையில் ஒரு மாலை. முதலாளி மதராஸிலேயே தங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் மண்டியில் இருந்தாக வேண்டிய சரக்கு மாதிரிகளை அவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். நாம் இரண்டு பேரும் மேட்டில் நனைந்துகொண்டு நின்றோம். சத்தம் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். விடிந்த பிறகுதான் ஆண்டிமடத்திலிருந்து ஆள் வந்தது. விமானம் அங்கே முந்திரித் தோப்பில் விழுந்து கிடக்கிறது என்றார். நாம் போனபோது அங்கே ஓர் அம்மாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெளிச்சம் நல்லாத்தாங்க எரிஞ்சுது. தாழ வந்து, எடம் தேடற மாதிரி சுத்திச்சு. நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம்."

ஏலாக்குறிச்சியில் அடக்கம் செய்தோம். பங்குச் சாமியார் ஆண்டவர் சித்தம் என்றார். ஷெட்டுக்காரர்கள் மழையைச் சொன்னார்கள். முதலாளி எஞ்சினைச் சொன்னார். நீங்கள் எல்லோருக்கும் தலையாட்டினீர்கள். ஷெட்டில் விளக்கு வேலையை மட்டும் அதன்பின் நீங்கள் தொடவில்லை.

மறு வருடம் கல்லறைத் திருநாளன்று, அவன் குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். மழை விட்டிருந்தது. பெஞ்சில் நமக்கு நடுவே விளக்கு. கேட்டீர்கள்.

"பழைய மின்மினியே இருந்திருந்தா அன்னைக்கு அவன் மதராஸ்லயே தங்கியிருப்பான். இல்லீங்களா வாத்தியாரே?"

நான் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"எல்லாரும் என்னத் தேத்தறாங்க. நீங்க சொல்லுங்க."

"ஆமா" என்றேன். "தங்கியிருப்பான்."

தலையசைத்தீர்கள். தெரிந்த கணக்குக்கு விடை சரிபார்த்துக்கொண்டவர் போல இருந்தது அந்தத் தலையசைப்பு. அவன் போன பிறகு முதல்முறையாக என்னைக் கேலி செய்தீர்கள்.

"உதாரணம் ஒண்ணும் இல்லீங்களா?"

ஈசல் வந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் மோதி, பெஞ்சில் விழுந்து கிடந்தது. உதாரணம் கண்ணெதிரேயே இருந்தது. நான் சொல்லவில்லை. நீங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கையை நீட்டித் திரியை இறக்கினீர்கள். இன்னும் இறக்கினீர்கள். விளக்கு அணைந்துவிட்டது. அந்த இருட்டிலேயே எழுந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அடுத்த ஐப்பசிக்கு நீங்கள் இல்லை.

நேற்று நானும் அப்படித்தான் செய்தேன். வாசனை வந்ததும் திரியை இறக்கி அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஈசல் எல்லாம் கலைந்து எதிர்வீட்டு விளக்குக்குப் போய்விட்டன.