தானாகச் சென்ற இரங்கல்

அட்டுவம்பட்டி
4.9.2025

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மேல்மலைப் பூண்டு விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் நாச்சிமுத்து எழுதுவது. சங்கத்தின் புதிய செயலியில் தாங்கள் இறந்தவராகப் பதிவாகியிருப்பதை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

நம் ஊரில் ஆண்களில் பாதிப்பேர் வேலப்பன். பழைய பதிவேட்டில் ‘பாறைக்காட்டு’, ‘ஓடைக்காட்டு’ என்ற பட்டப்பெயர்களே ஆளைப் பிரித்துக் காட்டின. அலுவலக ஆவணத்துக்கு அவை அழகல்ல என்று கணினிக்கு மாற்றும்போது நீக்கச் சொன்னேன். சென்ற வாரம் ஓடைக்காட்டு மு. வேலப்பன் காலமானார். கணினிப் பிரிவு லாவண்யா அதைப் பதிந்தபோது, பாறைக்காட்டு மு. வேலப்பனாகிய தங்கள் பெயரில் அது விழுந்துவிட்டது.

கிராம நிர்வாக அலுவலரின் உயிர்வாழ் சான்றுடன் விண்ணப்பியுங்கள். மாத இறுதியில் கூடும் செயற்குழு திருத்தும். அதுவரை தங்கள் மூட்டைகளுக்குச் செயலி லாரிச் சீட்டு வழங்காது. தங்கை சுந்தரிக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
நாச்சிமுத்து


6.9.2025

மச்சானுக்கு, செத்துப்போன வேலப்பன் எழுதிக்கிறது.

போன்ல பேசினா ஒங்களுக்குச் செல்லாது, அதான் எழுதுறேன். நேத்து வெள்ளனே ஒங்க கன்னிவாடிச் சித்தப்பா வேன்ல சனத்தோட வந்து எறங்கிட்டாரு. சங்கத்துல இருந்து இரங்கல் மெசேஜ் வந்துச்சாம். புருசன் செத்தா பொறந்த வீட்டுல எடுத்துட்டு வர்ற கோடிச் சேலை அவரு கையில. நான் பூண்டுத் தாள் அறுத்துக்கிட்டு இருக்கேன். “என்ன மாப்ள, உசுரோடயா இருக்கீங்க?”ன்னாரு. “மன்னிச்சிருங்க மாமா, இன்னும் சாகலை”ன்னேன். வேன்ல வந்தவங்க சிரிச்சிட்டாங்க. ஒங்க தங்கச்சி சிரிக்கல. அந்தச் சேலையைப் பாத்ததுல இருந்து ஒரு வாய் சோறு எறங்கல அவளுக்கு.

லாவண்யாப் பிள்ளைட்ட கேட்டேன். “செயலாளர் ஒரு தட்டு தட்டினா நீங்க பொழச்சுக்குவீங்கண்ணே”ங்குது. மழை நிக்கல, மூட்டையில ஈரம் ஏறுது. வெள்ளிக்கிழமை லாரியை விட்டா பூண்டு முளை கட்டிரும். வெரசா ஒரு தட்டு தட்டுங்க மச்சான்.

வேலப்பன்


9.9.2025

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த ஒரு தட்டைத் தட்டும் அதிகாரம் எனக்கு உண்டு. ஆயினும், செயலாளர் தம் உறவினரின் பதிவைத் தாமே திருத்தலாகாது என்பது விதி. அதை எழுதியவனும் நானே. தங்கைக்காக ஒரு முறை வளைந்தால், நாளை எவருக்கும் மறுக்கும் தகுதி எனக்கு இராது. சான்றை விரைந்து பெறுங்கள்.

சுந்தரி மனம் வருந்த வேண்டாம். இறப்பைப் பதிந்தவுடன் உறவினர் அனைவருக்கும் இரங்கல் செய்தி தானாகச் செல்லும்படி அமைத்திருக்கிறோம். அதை யாரும் அனுப்பவில்லை என்று அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நாச்சிமுத்து


15.9.2025

மச்சானுக்கு,

வெள்ளிக்கிழமை லாரி என் களத்தைத் தாண்டித்தான் போச்சு. டிரைவர் ஞானவேல் நிறுத்தி, “சீட்டு இல்லாம ஏத்தினா என் சோலி போயிரும்ணே”ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பாதிப் பூண்டு முளைச்சுப் போச்சு. மிச்சத்தை அடுக்கம் மலை ரோடு வழியா ஜீப்புல பெரியகுளத்து வியாபாரிக்கு அனுப்பிட்டேன். இனிமே அவருக்குத்தான். சான்று வாங்கப் போகல. ஒங்க சங்கத்துல நான் செத்தவனாவே கெடக்கேன்.

நீங்க எழுதினதை ஒங்க தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணே ஒண்ணு கேட்டா: “யாரும் அனுப்பலைன்னா, எங்கண்ணன் அங்க என்ன சோலி பாக்குறாரு?”

இதுக்கு நீங்க எழுத வேண்டாம்.

வேலப்பன்


17.9.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆயினும் கேட்டவள் என் தங்கை.

அவள் கேள்வியை இரண்டு நாளாக எங்கள் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். யார் எதைச் செய்யலாகாது என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருக்கிறேன். தவறு நேர்ந்தால் அது யாருடையது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

தங்கள் பூண்டை நான் மீட்டுத்தர இயலாது. தாங்கள் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை. விலகுவதானாலும், உயிருள்ள உறுப்பினராகவே விலகுங்கள்.

இக்கடிதத்தை உறையிலிட்டதும் தங்கள் பதிவை என் கையாலேயே திருத்துவேன். உறவினருக்காக விதியை மீறினேன் என்று செயற்குழுவுக்கு எழுத்துமூலம் அறிவிப்பேன். பின்னர், இரங்கல் சென்ற அத்தனை பேருக்கும் ஒரு செய்தி அனுப்புவேன்: “பாறைக்காட்டு வேலப்பன் நலமாக இருக்கிறார். முன்பு வந்த செய்தியை அனுப்பியவன் நான். நாச்சிமுத்து.” அதைத் தானாகச் செல்ல விடமாட்டேன். ஒவ்வொருவருக்கும் நானே அனுப்புவேன், சுந்தரியிலிருந்து தொடங்கி.

நாச்சிமுத்து