வால்வண்டை நிற்பவன்

தண்டையார்பேட்டை,
பவ வருஷம் ஆடி மாதம்

சிரஞ்சீவி சுப்பராயனுக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான் க்ஷேமம். யாவரும் க்ஷேமம் என்றுதான் முதலில் எழுதினேன், அப்புறம் பார்த்தால் வீட்டில் நான் ஒருத்தன், அதனால் அடித்துவிட்டேன். ரங்கூனில் நீ சௌக்கியமா, மழை விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. சித்திரையில் வந்த கடிதத்துக்குப் பின் உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. ஆடிக் கூழுக்குக் காசிமேட்டிலிருந்து வந்த உன் தங்கை பச்சையம்மா, கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டாள், மாமியாருக்கு உடம்பு முடியவில்லையாம். உன் அம்மா இருந்திருந்தால் ஒரு ராத்திரியாவது தங்க வைத்திருப்பாள், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. குழம்பை இரண்டு நாள் சுடவைத்துத் தின்றேன்.

நம் கிருஷ்ணாயில் டிப்போவில் இப்போது பைப்பைக் கழற்றித் திறக்கிறவர்களுக்கெல்லாம் பாடம் நடக்கிறது. எங்கோ ஓர் ஆலையில் வால்வை மூடாமலே பைப்பைக் கழற்றி ஒருத்தன் நீராவியில் வெந்துபோனானாம், அதிலிருந்து துரைக்குப் பயம். இக்னேஷியஸ் மேஸ்திரி சொல்லித்தருகிறார். ஒருத்தன் வால்வண்டை நின்று அந்த வால்வை மூட வேண்டும், பைப்பண்டை நிற்பவன் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், மூடியாயிற்று என்று பதில் வந்தபின்தான் ஸ்பானரை வைக்கலாம். நீயும் நானும் இத்தனை வருஷம் செய்ததுதானே, எனக்கெதற்குப் பாடம் என்று அலட்சியமாகத்தான் போனேன். பழகுவதற்காகப் பைப்பில் வெறும் தண்ணீர் விட்டிருந்தார்கள். வால்வண்டை நின்றவன் பக்ருதீன், உன் இடத்துக்கு வந்திருப்பவன். நான் வாயைத் திறந்து சுப்பராயா என்றேன். கூடவே கை போல்ட்டைத் திருகிவிட்டது. மூடிக்கீது நைனா என்று நீ சொன்னது காதில் விழுந்த மாதிரியே இருந்தது. அவனோ வால்வைப் பாதிகூட மூடியிருக்கவில்லை. தண்ணீர் மூஞ்சியில் அடித்து மல்லாக்கத் தள்ளிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. இன்னா அப்பாவு, இது ஸ்டீமா இருந்தா இந்நேரம் உம் புள்ளைக்குத் தந்தி அடிச்சிகினு இருப்பேன் என்றார். திங்கட்கிழமை மறுபடி செய்துகாட்ட வேண்டும், தப்பினால் பைப்பு வேலை கிடையாது, கேட்டில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

ஞாயிறு முழுக்க வீட்டில் பக்ருதீன் பக்ருதீன் என்று சொல்லிப் பழகினேன். பக்கத்து வீட்டு சொக்கம்மாள் எட்டிப்பார்த்து, வூட்ல யாரு வந்துகீறாங்க என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். மறுநாள் சரியாகக் கூப்பிட்டேன். மூடிக்கீது அண்ணே என்று பதில் வந்தது. அதன்பின்தான் திருகினேன், ஒரு சொட்டு வரவில்லை. மேஸ்திரி முதுகில் தட்டினார். எனக்குத்தான் சந்தோஷமே வரவில்லை. வேலை நிலைத்தது, ஆனால் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கிருந்த ஒரே இடம் போய்விட்டது.

அங்கேயும் உனக்கு இதே பைப்பு வேலைதானே, நீ திறக்கையில் வால்வண்டை யார் நிற்கிறான்? அவன் பேரை எழுது. தமிழாளோ பர்மாக்காரனோ, அவன் குரல் வராமல் போல்ட்டைத் தொடாதே. பழக்கதோஷத்தில் நைனா என்று கூப்பிட்டுவிட்டுத் திருகிவிடாதே. அங்கே நான் இல்லையப்பா.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீண்ட ஆயுசோடு நீ நன்றாயிருக்க வேண்டும், உன் அம்மா கும்பிட்ட தெய்வம் கூட இருக்கட்டும். இதைக் கண்டதும் ஒரு வரி எழுது. பதில் வருமட்டும் காத்திருப்பேன், இதிலாவது அவசரப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா
அப்பாவு