மங்களப் பாட்டில் உன் பேர் இருந்த இடம்

நாளைய நாடகத்துக்குச் சேலை தேடிப் பெட்டியைத் துழாவினேன். உன் கோணி ஊசி விரலில் குத்தியது. நீ எழுதிக் கொடுத்த தாளிலேயே துருவேறிச் செருகியிருக்கிறது. லோத்தின் மனைவி பாடும் பாட்டு.

பகலெல்லாம் வேம்பார் உப்பளத்தில் மூட்டை தைப்பாய். தைக்கிற வேகத்திலேயே மெட்டும் கட்டுவாய். நம் மாதா கோயில் திருவிழா நாடகங்களுக்கு ஆறு வருடம் பாட்டு, வசனம் எல்லாம் நீதான்.

பெண் வேஷமெல்லாம் எனக்குத்தான். எமர்ஜென்சிக்கு முந்தைய வருடம் நான் லோத்தின் மனைவி. திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிறவள் பாடுகிறாள்:

"உப்பாய் நின்றேன் நான் ஒருத்தி – இங்கே
உப்பில் கரைபவர் எத்தனை பேர்?"

ஒத்திகை பார்க்க வந்த உப்பள முதலாளிக்கு முகம் சுண்டியது. மேடைச் செலவு அவருடையது.

"வேதக் கதையில நம்ம அளம் எங்கன வந்துச்சுலே?"

"அவ உப்பாத்தானே நிக்கா அண்ணாச்சி, வேற எதைப் பாடுவா?" என்றாய்.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "பாட்டை எடு. இல்லன்னா மேடை கிடையாது."

நம் நாடகங்களில் எழுதியவன் பேர் கடைசி மங்களப் பாட்டில் மட்டும்தான் வரும். வேறெங்கும் கிடையாது. நீ யோசிக்கவேயில்லை.

"பாட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. மங்களத்துல எம் பேரை எடுத்துட்டு ஒங்க பேரைப் போடுதேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அவர் போனதும் நான் கத்தினேன். "வெக்கமா இல்லையாலே ஒனக்கு?"

"போலே மூதி. முன்னால நாக்காலியில அவரு இருப்பாரு. பின்னால மணல்ல அளத்துப் பொம்பளைய இருப்பாளுவ. அவளுவ கேக்கணும்."

கேட்டார்கள். வெடித்த பாதங்களோடு எழுந்து நின்று, மறுபடி பாடு என்று கூச்சல் போட்டார்கள். முதலாளியால் நாற்காலியை விட்டு எழக்கூட முடியவில்லை. அடுத்து மங்களத்தில் அவர் பேர் வர வேண்டியிருந்ததே.

முப்பத்திரண்டு வயதில் நெஞ்சு இளைத்துச் செத்துப்போனாய். அவர் ரோஜா மாலை அனுப்பினார். உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு நாள் லீவு கொடுக்காத மனுஷன்.

நாளையும் அதே நாடகம்தான், மேடைச் செலவு இன்றும் அவருடையது. மங்களமும் என் பொறுப்பு. மூன்றெழுத்து உன் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவருடைய நீளப் பேர் இடிக்கிறது. தாளம் நொண்டுகிறது. பக்கத்துச் சொல்லைக் குறைத்திருந்தால் சரியாகியிருக்கும். உனக்கு அது ஒரு தையல் போடும் நேரம். நீ செய்யவில்லை.

"இந்த இடத்தைச் சரிபண்ணிருவமா?" என்று ஆர்மோனியக்காரர் நேற்றுக் கேட்டார்.

உன் பேரைப் பாடிவிட்டால் அடுத்த வருடம் லோத்தின் மனைவியின் பாட்டு இருக்காது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பேரைத்தான் பாடப்போகிறேன். ஆனால் தாளம் நொண்டுகிற அந்த இடத்தை, நான் இருக்கும்வரை, எவனையும் தொட விடமாட்டேன்.