ஏலக் குரல் என்று நினைத்தோம்

என்னைப் பெற்ற ராசா, என் நைனா,

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். இதை முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

இந்த மாங்காய் சீசனில், சித்தூர் மண்டியில் ஏலம் கூவிக் கூவி உன் தம்பிக்கும் குரல் கம்மியது. கூவுகிறவனுக்குக் குரல் உடைந்தால் நம் மண்டியில் அது பெருமை அல்லவா? "சரக்கு நல்லா போய்க்கினு இருக்குது" என்று அன்றைக்கு உன்னையும் இப்படித்தான் தட்டிக்கொடுத்தார்கள். மிளகுப் பால் குடித்தாய், மறுநாளும் கூவினாய். மாங்காய்க் குவியல் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த பிறகுதான், இதயத்திலிருந்து வளைந்து போகிற பெரிய ரத்தக்குழாய் உப்பி வெடித்துவிட்டது என்றார்கள். உப்பும்போது அது குரல் நரம்பை அழுத்துமாம். யாருக்குத் தெரியும், நைனா?

எனக்கு இப்போது தெரியும். சித்தப்பாவின் கம்மிய குரலைக் கேட்டதுமே அவரைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் அதே நோய்.

"சீசன் முடியட்டும் பாப்பா. இப்பப் போயி மார்பப் பொளந்துக்கினு படுக்கச் சொல்றியா?" என்றார்.

"பொளக்க வேணாங்க," என்றார் டாக்டர். "தொடை ரத்தக்குழாய் வழியா ஒரு செயற்கைக் குழாயை உள்ள கொண்டுபோய் விரிப்போம். தலைக்கும் கைக்கும் ரத்தம் போற வழி அடைபடாம இருக்க, அதுக்கே கிளைங்க இருக்கும்." அப்படி வைக்கும்போது பக்கவாதம் வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. குழாயைச் சித்தப்பாவின் அளவுக்கே செய்து தருவிக்க வேண்டும், சில வாரம் ஆகும். அதுவரை கத்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, பி.பி. மாத்திரை தவறக் கூடாது.

கத்தாமல் இருக்கிற ஆளா உன் தம்பி? மறுநாளே மண்டிக்குக் கிளம்பினார். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அப்ப ஏலத்த யாரு கூவுவாங்க? உங்க நைனா எழுந்து வருவாரா?"

"நான் கூவுறேன். நீ துன்னுட்டு வூட்டுல கம்முனு குந்து சித்தப்பா."

பெண் ஏலம் கூவி நீ பார்த்திருக்கிறாயா? வியாபாரிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! பெங்களூரா ரக மாங்காய் லோடு மொத்தமும் விலைபோனது. சித்தப்பாவுக்கு அதில் கோபத்தைவிடப் பொறாமைதான் அதிகம்.

போன வாரம் குழாயை வைத்தார்கள். கண் விழித்ததும் கைகளைத் தூக்கச் சொன்னார் டாக்டர். தூக்கினார். காலை மடக்கச் சொன்னார். மடக்கினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குரல் முழுசாகத் திரும்பாமலும் போகலாமாம். அந்தக் கரகரப்பிலும் அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "இன்னிக்கு ஏலம் யாரு வுட்டது?" உங்கள் குடும்பம் திருந்தாது.

உனக்கு ஏன் இது கிடைக்கவில்லை, நைனா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அண்ணன் தம்பி இருவருக்குமே இருந்ததால் பிள்ளைகளும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. உனக்கு நான் ஒருத்திதான். "லோடு வந்துக்கினே இருக்குது சார், அப்புறம் வரேன்" என்று என் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

நாளைக்கு எனக்கு ஏலம் இல்லை. முதல் பஸ்ஸில் திருப்பதி போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் படுத்து ஸ்கேன் எடுத்துவிடுவேன். உள்ளே உப்பியிருந்தால் நானும் அந்தக் குழாயை வைத்துக்கொள்வேன். உன்னை வாரிக்கொண்டு போனது என்னையும் கொண்டுபோக விட மாட்டேன். இது சத்தியம்.

உன் ஒரே மகள்,
இனிமேல் சித்தப்பாவுக்கும் மகள்.